தவிலுக்கு என்ன கிராம் ரேட்?

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற டவுன் பஸ்ஸில் ஒரு தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மார்கழி மாதம். அவர் மடியில் தவில் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? விரல்கள். முன் சீட்டுக் கம்பியில் வலது கை சும்மா இருக்க முடியாமல் தட்டிக்கொண்டே வந்தது. கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டியபோதுதான் நின்றது.

''வாசிப்புக்குப் போறீங்களாண்ணே?'' என்று கேட்டேன்.

''மார்கழியில ஏது சார் வாசிப்பு? அதோட, தவிலும் இப்ப நம்மகிட்ட இல்ல'' என்றார்.

பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்ததாம். முதலில் அடகுக் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ''கடைக்காரரு சிரிச்சுட்டாரு சார். இதை எந்தத் தராசுல வைக்கிறதுன்னு கேட்டாரு. கோவத்துல கேக்கல. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாரு.''

கடைசியில், தன் செட்டிலேயே இருக்கிற ஒரு பையனிடம் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அந்தத் தவிலையே அவனிடம் வாங்கி வாசிக்கிறார். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறான். ''நல்ல பையன்தான் சார். பாதிதான் பிடிக்கிறான்'' என்று அவனுக்குச் சர்டிஃபிகேட் வேறு கொடுத்தார்.

கொடுப்பதற்கு முந்தின ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ''நட்டெல்லாம் முடுக்கி, துடைச்சு வெச்சேன். சந்தைக்குப் போற மாட்டைக் குளிப்பாட்டுவோம்ல, அது மாதிரி'' என்றார்.

அன்று ராத்திரி டி.வி.யைப் போட்டால் 'தில்லானா மோகனாம்பாள்'. பத்தாவது முறையோ பதினைந்தாவது முறையோ, உட்கார்ந்து பார்த்தேன். ஆனால், இந்த முறை பஸ்ஸில் பார்த்த விரல்கள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன.

1968-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்த படம். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர்கதை. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி. நிஜத்தில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்திருந்தும், அந்தக் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்க்கும்போது சிவாஜிதான் வாசிக்கிறார் என்று நம்பிவிடுவோம். நடிப்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கேள்வி வேறு.

அந்தப் படத்தில் நாயனத்துக்கு என்னென்ன ஆபத்து வருகிறது? வித்வானின் கோபம் வருகிறது. காதல் வருகிறது. பணக்காரர்களின் சூழ்ச்சி வருகிறது. விஷக் கத்தி வருகிறது. வராத ஒரே ஆபத்து, கடன்காரன். நாயனம் அங்கே சாமி மாதிரி. சாமிக்கு விலை உண்டா?

இருபத்தோரு வருஷம் கழித்து, 1989-ல் 'கரகாட்டக்காரன்'. இது நம்ம ஊர்ப் பக்கத்துப் படம். கரகாட்டமும் நையாண்டி மேளமும் திண்டுக்கல், மதுரை, தேனி வட்டாரத்துக்குச் சொந்தச் சொத்து. அதில் கவுண்டமணி தவில், செந்தில் நாயனம். இந்தக் கோஷ்டிக்கு வறுமை இருக்கிறது. ஆனால், அது எங்கே காட்டப்படுகிறது? காரில். பழைய கார் ஒன்றை வாங்கி, அதைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். தியேட்டரே சிரித்தது. இன்றைக்கும் சிரிக்கிறோம். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிறவர்களுக்கு நல்ல வண்டிகூட வாய்க்கவில்லை என்கிற சோகத்தை கங்கை அமரன் சிரிப்பாக மாற்றியது சாமர்த்தியம்தான். ஆனால், அவர்களுடைய தவிலும் நாயனமும் கடைசி ரீல் வரை பத்திரமாக இருக்கின்றன.

எனக்கு இதில் ஓர் ஆச்சர்யம் உண்டு. பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் மெட்ராஸுக்குக் கிளம்பியபோது, அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்தார் என்று இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பாட்டுப் பெட்டியை விற்றுப் பாட்டு தேடிப் போன குடும்பம் அது. ஒரு பொருள் வீட்டை விட்டுப் போவது என்றால் என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து வந்தவர் எடுத்த படத்திலேயே அப்படி ஒரு ஸீன் இல்லை என்றால், மற்றவர்களை என்ன சொல்வது?

இதை வேறு நாட்டில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948. போஸ்டர் ஒட்டுகிற வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில். மனைவி, படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டி அடகுக் கடைக்கு எடுத்துப் போகிறாள். கடை ஆள் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரி மேல் ஏறுகிறான். ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரை வரைக்கும் மூட்டைகள். ஊர் முழுக்க விரிப்பில்லாமல் படுத்திருக்கிறது என்று வசனம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. சில விநாடிகள்தான். பிழைப்புக்கு வழியான கருவியே அடகுக்குப் போவது எவ்வளவு கொடுமை என்பது அதற்குள் தெரிந்துவிடுகிறது.

நம் ஆட்களால் ஏன் முடியவில்லை? திறமை இல்லாமல் இல்லை. பக்தி அதிகமாகிவிட்டது. வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைக்கிறோம். எல்லாம் சரி. ஆனால், அது ஒரு தொழிலாளியின் தளவாடமும்கூட. கொத்தனாருக்குக் கரண்டி, டெய்லருக்கு மெஷின், இவருக்குத் தவில். பூஜையில் வைத்த பொருளைச் சந்தையில் பார்க்க நம் கதாசிரியர்களுக்கு மனசு வரவில்லை.

சந்தையில் பார்த்தால்தான் ஒரு விஷயம் விளங்கும். தங்கத்துக்கு கிராம் ரேட் உண்டு. காலையில் பேப்பரில் போடுகிறார்கள். வங்கியில் நகைக் கடனுக்குத் தனி கவுன்ட்டரே இருக்கிறது. தவிலுக்கு அப்படி ரேட் கிடையாது. பலா மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, இழுத்துக் கட்டிய அந்தப் பொருளின் விலை, வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் விற்பவரும் கலைஞர், வாங்குபவரும் கலைஞர். இவர் கஷ்டத்தில் இருக்கிற மார்கழியில் அவரும் கஷ்டத்தில்தான் இருப்பார். அப்புறம் எங்கே நியாய விலை கிடைக்கும்?

2020-ல் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. பங்குனி, சித்திரை என்று திருவிழா உச்சத்தில் இருக்கிற நேரம். மதுரை சித்திரைத் திருவிழாவே ஜனங்கள் இல்லாமல் போனது. அடுத்த வருஷமும் அதே கதை. பல மாவட்டங்களில் கலைஞர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வந்து, மேளம் அடித்துக்கொண்டே மனு கொடுத்தார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. போட்டோவில் எல்லார் கையிலும் வாத்தியம் இருந்தது. வாத்தியம் இல்லாதவர் போட்டோவுக்கு வரவில்லை.

பெரிய பெயர் இருந்தால் தப்பிக்கலாமா? பாரத ரத்னா பிஸ்மில்லா கானின் வெள்ளி ஷெனாய்கள் 2016 டிசம்பரில் வாரணாசியில் அவர் மகன் வீட்டிலிருந்து திருடு போயின. போலீஸ் பிடித்தது அவருடைய பேரனை. நகைக் கடையில் விற்ற தொகை 17,000 ரூபாய். கடைக்காரர்கள் உருக்கிவிட்டார்கள். இங்கே தராசு வேலை செய்தது, பாருங்கள். ஷெனாய்க்கு விலை போடவில்லை. வெள்ளிக்குப் போட்டார்கள்.

விற்பது ஒரு வழி என்றால், தரத்தில் இறங்குவது இன்னொரு வழி. நல்லதைக் கொடுத்துவிட்டு மட்டமானதை வைத்துக்கொள்வது. இங்கே உடனே ஒரு கதை சொல்வார்கள். 1953 மே 15, டொரன்டோ நகரத்தில் மாஸி ஹால். ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் கச்சேரி. அவர் தன் சாக்ஸஃபோனை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார் என்பார்கள். போதைப் பழக்கத்தால் அடிக்கடி அப்படி வைக்கிறவர். கையில் இருந்தது வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் சாக்ஸஃபோன். பித்தளையைவிட ரொம்ப மலிவு. அன்று அவர் வாசித்ததை இன்றைக்கும் ரெக்கார்டில் கேட்டு உருகுகிறார்கள். அந்த பிளாஸ்டிக் கருவி 1994-ல் லண்டன் ஏலத்தில் 93,500 பவுண்டுக்குப் போனது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'பார்த்தாயா, மேதைக்குக் கருவி முக்கியமில்லை' என்று முடிப்பார்கள். எனக்கு இந்த முடிவுதான் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கருக்கு அது ஒரு ராத்திரி. நம்ம வடமதுரை ஆளுக்கு அதுதான் மிச்ச வருஷம் பூராவும். மட்டமான தவிலில் நாதம் குறையும். நாதம் குறைந்தால் அடுத்த முறை ஏஜென்ட் வேறு ஆளைக் கூப்பிடுவார். கூப்பாடு குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் இன்னும் மட்டமான தவில். கிணற்றுப் படி மாதிரி ஒவ்வொன்றாக இறங்க வேண்டியதுதான். கீழே போய்ப் பார்த்தால், கோயிலில் சுவிட்ச் போட்டால் தானாக அடிக்கிற மின்சார மேளம் காத்திருக்கும். அதற்கு பேட்டா கிடையாது. காலேஜுக்குப் போகிற பொண்ணும் கிடையாது.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கையை விட்டுப் போகிற எல்லா வாத்தியத்துக்கும் அழ வேண்டியதில்லை. சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்று ஊர் சுமத்திய பறையை, 'இனி அடிக்க மாட்டோம்' என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அது வறுமை இல்லை, தன்மானம். அதே போல், தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் போட்ட பறையை விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. தீ மூட்டிக் காய்ச்ச வேண்டாம், மழையில் நனைந்தாலும் தொய்யாது. தானாக விடுவதும் மாற்றுவதும் வேறு. முடியாமல் விடுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவதுதான் ஒரு நல்ல கதையின் வேலை.

சமீப காலத்தில் கொஞ்சம் விடிகிறது. டி.எம்.கிருஷ்ணா 2020-ல் மிருதங்கம் செய்கிற குடும்பங்களைத் தேடிப் போய் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். தோலும் மரமும் யார் கையால் நாதமாகிறது என்று ஒரு சங்கீதக்காரரே போய்ப் பார்த்தது பெரிய விஷயம். 2019-ல் வந்த 'சர்வம் தாளமயம்' படத்திலும் மிருதங்கம் செய்கிறவர் வீட்டுக்குள் கேமரா போனது. குமரவேலின் அப்பா வேஷம் மறக்காது. ஆனால், இரண்டிலும் நாம் பார்ப்பது வாத்தியம் பிறக்கிற இடம். அது வீட்டை விட்டுப் போகிற வாசல் இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு ஊரைச் சொல்கிறேன். திண்டுக்கல்லுக்கு வாருங்கள். இங்கே தோல் ஷாப்புகள் உண்டு. ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி எங்கெங்கோ அனுப்புகிறோம். அதே ஊரில் ஒரு தவில்காரர், தோலும் மரமுமாக இருந்ததைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு பஸ் கம்பியில் தாளம் போடுகிறார். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

மற்றவர்களுக்கு, அதாவது உங்களுக்கும் எனக்கும், சின்ன வேலைதான். வீட்டு விசேஷத்துக்கு மேளம் பேசும்போது, 'எத்தனை பேர், எவ்வளவு ரூபாய்' என்று கேட்பதோடு, 'வாத்தியம் அவங்க சொந்தமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேரம் பேச நாக்கு கொஞ்சம் கூசும். அது போதும்.

வடமதுரையில் இறங்கும்போது அவரிடம் கேட்டேன். ''திரும்ப வாங்கிடுவீங்களாண்ணே?''

''மாசியில நத்தம், திண்டுக்கல்லு கோட்டை மாரியம்மன்னு வரிசையா இருக்கு சார். அந்தப் பையன் மட்டும் அதுக்குள்ள வேற யாருக்கும் வித்துடாம இருக்கணும்'' என்றார்.

அவனுக்கு என்ன கஷ்டமோ, யார் கண்டது?