ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியம்: ஓசூர் எல்லைப்பகுதி மாணவர் நோக்கில் தொடக்கநிலைப் பாடநூல்களின் இலக்கண விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்: இந்தியாவில் ஸ்பானிய மொழி பெரும்பாலும் ஆங்கிலவழிப் பாடநூல்களைக் கொண்டு கற்பிக்கப்படுகிறது. அந்நூல்கள் கடினமானவை என முன்வைக்கும் இலக்கணக் கூறுகளுள் பல, தமிழ் அறிந்தவருக்கு இயல்பானவை. ஓசூர்ப் பகுதியின் மும்மொழிச் சூழலைக் கருத்தில் கொண்டு இக்கட்டுரை அவ்விளக்கமுறையை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பானிய மொழி, வேற்றுமை, திணை, வினா எழுத்து, மொழி கற்பித்தல், ஓசூர்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில்நகரம் ஓசூர். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வழங்குகின்றன. இங்கு உற்பத்தியாகும் இருசக்கர வாகனங்கள் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. எனவே இப்பகுதி மாணவருக்கு ஸ்பானியம் வேலைவாய்ப்போடு தொடர்புடைய மொழி. ஆனால் அதைக் கற்க முற்படுபவர் முதலில் ஆங்கிலத்தைக் கடக்க வேண்டியுள்ளது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் பேசும் ஒருவருக்கு, அவர் அறிந்த மொழிகளுள் மிகக் குறைவாக அறிந்ததே பயிற்றுமொழியாக அமைகிறது.

இதனால் நேரும் இழப்பைக் காட்ட ஒரு தொடர் போதும். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பதை ஆங்கிலவழி நூல்கள் ‘காப்பி என்னை மகிழ்விக்கிறது’ எனச் சுற்றிவளைத்து விளக்கி, இவ்வினையைத் தலைகீழ் வினை என்று எச்சரிக்கின்றன. தமிழில் அது ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்பதே. விரும்புபவர் நான்காம் வேற்றுமையிலும் விரும்பப்படுவது எழுவாயாகவும் நிற்கும் அமைப்பு இரு மொழிக்கும் பொது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே அமைப்பு உண்டு. ‘மே துவேலே லா கபேசா’ என்பது இன்னும் நெருக்கமானது: ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ‘என் தலை’ என்று உடைமை காட்டும் ஆங்கில வழக்கம் இரண்டிலும் தேவையில்லை. பன்மையில் ‘குஸ்தா’, ‘குஸ்தான்’ ஆகும்போது மாணவர் தயங்கக்கூடும். ‘பிடிக்கும்’ என்ற வடிவம் எண் காட்டுவதில்லை. ஆயினும் ‘அப்பாடல் பிடித்தது’, ‘அப்பாடல்கள் பிடித்தன’ என்ற இறந்தகால இணையைக் காட்டினால் ‘குஸ்தோ’, ‘குஸ்தாரோன்’ வேறுபாடு விளங்கிவிடும். தலைகீழ் என்பது ஆங்கிலத்தில் நின்று பார்ப்பவரின் சொல். தமிழில் நின்று பார்ப்பவருக்கு ஆங்கிலமே தலைகீழ்.

செயப்படுபொருளிலும் இத்தகைய ஒப்புமை உண்டு. ‘வேயோ லா காசா’ (வீட்டைப் பார்க்கிறேன்) என்பதில் செயப்படுபொருளுக்கு உருபு இல்லை. ‘வேயோ ஆ மரியா’ (மரியாவைப் பார்க்கிறேன்) என்பதில் மனிதரைக் குறிக்கும் பெயர்முன் ‘ஆ’ என்னும் முன்னிடைச்சொல் வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு இணையில்லாததால், பாடநூல்கள் இதைத் தனி விதியாக மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. மக்களை உயர்திணை எனப் பிரித்துக்கொண்டே சொல்லிலக்கணத்தைத் தொடங்கும் தொல்காப்பிய மரபில் வந்தவருக்கு இது புதிய செய்தியன்று. ‘மரம் வெட்டினான்’ என உருபின்றிச் சொல்லலாம். ‘மகன் அழைத்தான்’ என்றால் அழைத்தவனே மகனாகிவிடுவான். ‘மகனை’ என்று ஐகாரம் கட்டாயம் வேண்டும். ஒப்புமை முழுமையானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ‘அந்த வீட்டைப் பார்த்தேன்’ எனக் குறிப்பான அஃறிணைப் பொருளுக்கும் தமிழ் உருபு சேர்க்கும்; ஸ்பானியம் சேர்க்காது. பாடநூல் விளக்க வேண்டியது இவ்வெல்லையை மட்டுமே.

‘செர்’, ‘எஸ்தார்’ என்னும் இரு ‘இரு’ வினைகள் குறித்து நீண்ட பட்டியல்கள் தரப்படுகின்றன. ‘அவர் ஆசிரியர்’ என வினையின்றி முடிவது ‘செர்’ பக்கம். ‘அவர் வீட்டில் இருக்கிறார்’, ‘களைப்பாக இருக்கிறார்’ என்பன ‘எஸ்தார்’ பக்கம். ‘உயரமாக இருக்கிறாள்’ போன்றவை இவ்வழியில் தவறிழைக்கத் தூண்டும். ‘உயரமானவள்’ என்று மாற்றிப் பார்த்தால் ‘செர்’ வந்துவிடும்.

நிறுத்தக்குறிகளில் வியப்புக்குரியதாகச் சொல்லப்படுவது ‘¿’ என்னும் தலைகீழ் வினாக்குறி. ஸ்பானிய அரச கல்விக்கழகம் 1754இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில் இது பரிந்துரைக்கப்பட்டது. ஸ்பானியத்தில் ஒரு கூற்றுத்தொடர் சொல்லும் வரிசையும் மாறாமல் குரலேற்றத்தால் மட்டுமே வினாவாக முடியும். ஆகவே வினா எங்கே தொடங்குகிறது என்பதை வாசகருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டியுள்ளது. தமிழில் வினா, சொல்லின் உறுப்பாகவே வருகிறது. வினா எழுத்துகள் சொல்லின் முதலில் வருவன, ஈற்றில் வருவன என நன்னூல் வகுத்துள்ளது. ‘நாளை வருவாயா’, ‘நாளையா வருவாய்’ என்பவற்றில் வினவப்படுவது எது என்பதையும் எழுத்தே காட்டிவிடுகிறது, குறி தேவையில்லை. தமிழ் உரைநடைக்கு நிறுத்தக்குறிகள் ஐரோப்பிய அச்சுமரபின் வழி வந்தவை. ஆறுமுக நாவலர் (1822–1879) அவற்றைப் பரவலாகக் கையாண்டார். இக்காரணத்தை விளக்காமல் ‘முன்னும் பின்னும் இடுக’ என்று மட்டும் கட்டளையிடும் பாடநூல், நினைவில் வைக்கச் சொல்கிறதே தவிரக் கற்பிக்கவில்லை.

ஒரு மொழியின் சட்டகத்தில் மற்றொன்றை அடைப்பது புதிதன்று. நெப்ரிஹா 1492இல் எழுதிய ஸ்பானிய இலக்கணமே இலத்தீன் இலக்கணக் கலைச்சொற்களைப் பயன்படுத்தியது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்டிரிக்கு அடிகளார் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழிலக்கணமும் அதே சட்டகத்தில் அமைந்தது. ஆனால் அவர் தம்முடைய வாசகர் அறிந்த மொழியில் எழுதினார். இன்றைய பாடத்திட்டங்கள் அந்த அடிப்படையைக்கூடப் பின்பற்றவில்லை. ஆங்கிலேயருக்காக எழுதியவர்மேல் குறையில்லை; அந்நூல்களை மாற்றமின்றி ஏற்றுக்கொண்டவர்களிடமே குறை உள்ளது.

மிகுந்த இழப்பு நேர்வது ஒலிப்பில். ஆங்கில எழுத்தின் வழி கற்கும் தமிழ் மாணவர் ஸ்பானியத் தகரத்தை ‘ட’ என ஒலிக்கப் பழகுகிறார். அது பல்லொலி, அதாவது தமிழின் ‘த’. மேலும், தமிழில் சொல்முதல் தகரம் வல்லொலியாகவும் உயிரிடைத் தகரம் மெல்லுரசொலியாகவும் இருப்பது ஸ்பானிய ஒலிமுறையோடு இணைகிறது. ‘எல்லாம்’ எனப் பொருள்படும் ‘தோதோ’ என்பதைத் தமிழெழுத்தில் எழுதித் தமிழ்போலவே படித்தால் ஒலிப்பு ஏறத்தாழச் சரியாகிவிடும். உயிரிடை வல்லொலிக்கு இரட்டித்து எழுதலாம்: தக்காளி ‘தோமாத்தே’, வாய் ‘போக்கா’.

இம்முறை உடையும் இடம் மெல்லினத்தை அடுத்த வல்லினம். தமிழில் ‘ந்த’ எப்போதும் குரலொலி பெறும். ஸ்பானியத்தில் வல்லொலியும் வரும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு இது பயிற்சிக்குரியது. ஓசூர் மாணவருக்கோ அருகிலேயே உதவி உண்டு. தமிழின் ‘சந்தை’ கன்னடத்தில் ‘சன்தெ’, தெலுங்கில் ‘சன்த’. அவ்விரண்டிலும் தகரம் வல்லொலியே. பெண் புனிதர்களின் பெயருக்கு முன் ஸ்பானியர் இடும் ‘சான்தா’ என்னும் அடைமொழியை ‘சாந்தா’ என மெலித்துவிடாமல் சொல்ல, வாரச்சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசிய நாக்குக்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை.