அந்நியமாதலிலிருந்து தமிழ் அடையாளம் வரை: கோவை ஞானியின் சிந்தனைத் தொடர்ச்சியும் இதழியல் பணியும்

முன்னுரை

தமிழ் மார்க்சியத் திறனாய்வு வரலாற்றில் கோவை ஞானி (1935–2020) இரு முகங்களுடன் நினைவுகூரப்படுகிறார். ஒரு சாரார் அவரை மார்க்சியராகவும், மற்றொரு சாரார் தமிழ்த் தேசியச் சிந்தனையாளராகவும் முன்னிறுத்துகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு முறிவு நேர்ந்தது என்றும், வர்க்கத்தைக் கைவிட்டே அவர் இனத்தை அடைந்தார் என்றும் கருதுவோர் உளர். அது முறிவன்று, ஒரே கருத்தாக்கத்தின் விரிவே என்பதையும், அவ்விரிவு எவ்விடத்தில் வலுவிழக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

களமும் காலமும்

கி. பழனிச்சாமி என்னும் இயற்பெயருடைய ஞானி, கோவையை அடுத்த சோமனூரில் பிறந்து, தமிழாசிரியராகப் பணியாற்றியவர். சோமனூர் நெசவுத் தொழிலால் அறியப்படும் ஊர். கோவையோ பஞ்சாலைகளால் வளர்ந்த நகரம். சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அந்நிகழ்வு கொங்குப் பகுதித் தொழிலாளர் இயக்கத்தின் நினைவில் இன்றும் நிலைத்துள்ளது. இத்தகைய மண்ணில் வர்க்கம் என்பது நூல்வழி மட்டும் அறியப்பட்ட கருத்தன்று. எனினும் ஞானி கட்சிசார் விளக்கங்களோடு நின்றுவிடவில்லை. இந்திய வாழ்க்கைக்குள்ளிருந்து மார்க்சியத்தைக் காண முயன்ற எஸ்.என். நாகராசனுடன் அவர் கொண்ட தோழமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

அந்நியமாதல் என்னும் திறவுகோல்

காரல் மார்க்சு 1844இல் எழுதிய பொருளியல், மெய்யியல் கையெழுத்துப்படிகள் 1932இல்தான் முழுமையாக அச்சேறின. உழைப்பாளி தன் உழைப்பின் விளைபொருளிலிருந்தும், உழைப்புச் செயலிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும், தன் மனித இயல்பிலிருந்தும் அயன்மைப்படுகிறான் என்பது அவற்றின் மையக் கருத்து. கோவையிலிருந்து 1960களின் இறுதியில் வெளிவந்த ‘புதிய தலைமுறை’ இதழைச் சார்ந்த குழுவினர், இக்கருத்தைத் தமிழ்ச் சூழலில் விவாதப் பொருளாக்கினர்.

ஞானி இக்கருத்தைப் பொருளியல் தளத்திலிருந்து பண்பாட்டுத் தளத்திற்கு விரித்தார். ‘கடவுள் ஏன் இன்னும் சாகவில்லை’ என்னும் நூலின் தலைப்பே இதற்குச் சான்று. கடவுளை ஆளும் வர்க்கத்தின் ஏமாற்று என்று மட்டும் ஒதுக்காமல், மனிதர் தம்மிடமிருந்து பிரித்து மேலே நிறுத்திய விழுமியங்களின் வடிவமாகவும் காணும் பார்வை அவருடையது. அகலிகைத் தொன்மத்தை மறுவாசிப்புச் செய்த ‘கல்லிகை’ என்னும் அவரது கவிதைப் படைப்பும் இப்பார்வையோடு இயைகிறது. இதே தருக்கத்தைப் பின்பற்றினால், தன் மொழியிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் விலக்கப்பட்ட ஒரு சமூகமும் அந்நியமான சமூகமே. எனவே, தமிழ் அடையாளம் பற்றிய அவரது அக்கறை மார்க்சியத்திற்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்ததன்று.

இதழ்கள்: உரையாடலே முறையியல்

ஞானியின் சிந்தனையை நூல்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது முழுமையாகாது. ‘பரிமாணம்’, ‘நிகழ்’, ‘தமிழ்நேயம்’ ஆகிய இதழ்களே அது உருப்பெற்ற களங்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், மார்க்சியம் முடிந்துவிட்டது என்ற குரல் உலகெங்கும் எழுந்தது. அக்காலச் சூழலில் ‘நிகழ்’ மார்க்சியத்தைப் பிற புதிய கோட்பாடுகளோடு எதிர்நிறுத்திப் பேசியது. தமக்கு உடன்பாடில்லாக் கருத்துகளுக்கும் ஞானி இடமளித்தார். நீரிழிவால் பார்வை இழந்த பின்னரும், பிறர் வாசிக்கக் கேட்டும், சொல்லி எழுதச் செய்தும் அவர் இப்பணியைத் தொடர்ந்தார். இதனை மனவுறுதிக்குச் சான்றாகப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுதல் பொருந்தாது. வாசிப்பு அவரளவில் கூட்டுச் செயலாகியது என்பதே ஆய்வுக்குரிய செய்தி.

வரம்பு

இவ்வுரையாடல் முறை தளரும் இடத்தில் அவரது வாதமும் தளர்கிறது. தமிழ் மரபின் அடியாழத்தில் தொல்சமத்துவத்தின் நினைவு உறைந்துள்ளது என்பது அவரது முதன்மையான துணிபுகளுள் ஒன்று. சங்கப் பாடல்களில் பகுத்துண்ணலும் கூட்டு வாழ்வும் காணப்படுவது உண்மையே. ஆயினும் இழிசினன், புலையன் என்னும் சொற்களும் புறநானூற்றிலேயே பயில்கின்றன. ஆநிரை கவர்தலும் ஊர் எரித்தலும் அங்கேயே பாடப்படுகின்றன. திணைகளுக்கிடையே நிலவிய சமனற்ற வளர்ச்சியைக் கார்த்திகேசு சிவத்தம்பி சுட்டிக்காட்டியுள்ளார். அதனோடு ஒப்பிடுகையில், ஞானியின் கூற்று வரலாற்றுச் சான்றைவிட விழுமிய விழைவையே மிகுதியும் சார்ந்துள்ளது. பிரிக்கப்படாத ‘தமிழர்’ என்னும் சொல்லுக்குள் சாதியால் விலக்கப்பட்டோரின் அந்நியமாதல் மறைந்துபோகும் இடரும் இதில் உண்டு. சாதி ஆழ வேரூன்றிய கொங்கு நாட்டைக் களமாகக் கொண்ட சிந்தனைக்கு இக்கேள்வி தவிர்க்க இயலாதது.

முடிவுரை

ஞானியின் பயணத்தை இணைக்கும் இழை அந்நியமாதல் என்னும் கருத்தாக்கம். அதனைக் கைவிட்டதனால் அன்று, தமிழ்ச் சமூகத்திற்குள் அதனை இறுதிவரை செலுத்தாமையால்தான் அவரது பிற்காலச் சிந்தனையில் இடைவெளி தோன்றுகிறது. அவ்விடைவெளியை நிரப்பும் கருவியும் அவரிடமிருந்தே கிடைக்கிறது. தொல்சமத்துவக் கூற்றைச் சாதி வரலாற்றோடு எதிர்நிறுத்தி வினவுவது அவரை மறுப்பதாகாது. தம் இதழ்களில் மாற்றுக் கருத்துக்கு அவர் அளித்த இடத்தை அவரது சிந்தனைக்கே அளிப்பதாகும்.