வெலிங்டனில் சேர்ந்து படித்தவர்கள்

நெல்லைப் பேட்டையிலிருந்து தெற்கே நாங்குநேரிப் பக்கம் போனால் விஜயநாராயணம். கடல் கண்ணில் படாத அந்த ஊரில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் 1990 முதல் இயங்குகிறது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்புவது அதன் வேலை. தரை, கடல், வான் என்று போரைப் பாகம் பிரித்துக்கொள்ள முடியாது என்பதை நெல்லைச் சீமைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மூன்று படைகளின் அதிகாரிகளையும் ஒரே கூரையின்கீழ் படிக்கவைக்கும் ஏற்பாடும் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது: நீலகிரியில், வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்.

1905இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குப் போன கல்லூரி அது. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட, பிரிகேடியர் எஸ்.டி. வர்மாவின் பொறுப்பில் வெலிங்டனில் புதிதாக ஆரம்பித்தார்கள். முதல் வகுப்பு 1948 ஏப்ரலில். விமானப்படையும் கடற்படையும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. பிரிட்டன் தன் மூன்று படைகளின் ஸ்டாஃப் காலேஜ்களை ஒன்றாக்கியதோ 1997இல்தான். இந்த முன்னோடித்தனத்தை நாம் போதிய பெருமையோடு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

மேஜர், ஸ்குவாட்ரன் லீடர், லெப்டினன்ட் கமாண்டர் நிலையில் இருப்பவர்கள் பத்து மாதத்துக்கு மேல் குடும்பத்தோடு அங்கே தங்குகிறார்கள். நட்பு நாடுகளின் அதிகாரிகளும் உடன் படிக்கிறார்கள். மேகம் இறங்கினால் விமானி ஏன் தயங்குகிறான், கப்பல்காரன் ஏன் மணிக்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் யோசிக்கிறான் என்பது தரைப்படைக்காரனுக்கு அங்கேதான் புரியத் தொடங்குகிறது. பின்னாளில் நெருக்கடி வரும்போது தயங்காமல் போனில் கூப்பிட ஒரு பெயர் கிடைக்கிறது. புத்தகம் படித்து இதைப் பெற முடியாது.

குறை பாடமுறையில் இருக்கிறது. ஒரே வளாகம் என்றாலும் ஆண்டின் பெரும்பகுதி மூன்று பிரிவுகளும் அவரவர் பாடத்தையே படிக்கின்றன. கூட்டுப் பயிற்சிகள் இடையிடையேதான். முப்படையினரைக் கலந்து ஒரே பிரிவாகப் பயிற்றும் முயற்சி அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது. அதைவிடக் கவலை தருவது விடைகளின் மீதுள்ள பயம். முந்தைய கோர்ஸ்காரர்களின் குறிப்புகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, பி.சி.கே. என்று அதற்குப் பெயரே உண்டு. தரவரிசை அடுத்த பணியிடத்தைத் தீர்மானிக்கும்போது, டி.எஸ். எனப்படும் பயிற்றுநர் எதிர்பார்க்கும் விடையை விட்டு விலகிச் சிந்திக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பயிற்றுநர்களும் சில ஆண்டுகளில் மாறிப்போகும் பணி அதிகாரிகளே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் இந்தப் படிப்போடு கிடைக்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு வேண்டிய நிதானத்தை அந்த நெருக்கமான கால அட்டவணை தருவதில்லை. போரில் எதிரி முந்தைய ஆண்டின் கேள்வித்தாளோடு வரமாட்டான்.

சேர்ந்து படித்தால் மட்டும் போதாது என்பதற்குக் கார்கில் போரை எடுத்துக்கொள்வோம். 1999 மே மாதம் தரைப்படை ஆயுத ஹெலிகாப்டர் கேட்டது. அந்த உயரத்துக்கு அவை பொருந்தா, அரசின் அனுமதியும் வேண்டும் என்றது விமானப்படை. தாக்குதல் தொடங்கியது மே 26இல். அடுத்த இரண்டு நாளில் இரண்டு போர் விமானங்களும் ஒரு எம்.ஐ.-17 ஹெலிகாப்டரும் போயின. ராணுவத் தளபதி மாலிக், விமானப்படைத் தளபதி டிப்னிஸ் இருவருமே இளம் வயதில் முப்படைக்கும் பொதுவான தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயின்றவர்கள். விமானப்படை சொன்னதில் தொழில்நுட்ப நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதம் போர் மூளும் முன்பே கூட்டுத் திட்டத்தில் நடந்து முடிந்திருக்க வேண்டியது. பள்ளித் தோழமை அதைச் செய்து தரவில்லை.

ஏனென்றால் படித்து முடித்தவர் திரும்பிப் போவது தன் படைக்கே. பதவி உயர்வும் அங்கிருந்தே வருகிறது. அமெரிக்கா 1986இல் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம் கொண்டுவந்து, பிற படைகளோடு பணியாற்றிய அனுபவத்தை ஜெனரல் பதவிக்கு நிபந்தனையாக்கியது. நாமோ 2001இல் அந்தமானில் முதல் முப்படைக் கட்டளையகம் அமைத்தும், அத்தகைய தளபதிக்குப் பிற படையினர்மேல் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் தரும் சட்டத்தை 2023இல்தான் இயற்றினோம். முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறைக்கு வந்தது 2020இல். அதன் முதல் தளபதி பிபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தது, இந்தக் கல்லூரி அதிகாரிகளிடம் பேச வந்த வழியில்.

பிரிகேடியர் ஆகுமுன் ஒருமுறையாவது பிற படைக் கட்டளையகத்தில் பணி, வெலிங்டனில் நிரந்தரமாக இருந்து கற்பிக்கும் குடிமை அறிஞர்கள், டி.எஸ். விடையை மறுத்து எழுதப்படும் கட்டுரைக்கும் மதிப்பெண்: இந்த மூன்றையும் பாதுகாப்பு அமைச்சகம் உடனே கொண்டுவர வேண்டும்.