முக்கூடற்பள்ளில் மழைக்குறி

தும்பி தாழப் பறத்தல், எறும்பு முட்டை சுமந்து மேட்டிடஞ் சேர்தல், அந்தியில் ஈசல் புறப்படுதல் என்பன மழைவரவைக் காட்டும் குறிகளென நம் உழவர் வழிவழியாகக் கூறிவருவர். இத்தகைய குறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கவிதையாக்கிய பெருமை, பெயரறியப்படாத முக்கூடற்பள்ளின் ஆசிரியருக்கு உரியது. ஆற்றுவெள்ளத்தின் வரவுரைக்கும் அப்பாட்டினைப் பண்டைத் தமிழரின் அறிவியலுக்குச் சான்றென்று காட்டி அமைவாருமுளர். வெறுங் குருட்டு நம்பிக்கையென்று தள்ளுவாருமுளர். இருசாராரும் அதன் உயிர்நிலையை உணர்ந்தாரல்லர்.

பாட்டின் வைப்புமுறையை முதற்கண் நோக்குக. மலையாளத் திசையினும் ஈழத் திசையினும் தோன்றும் மின்னல் முதலிற் கூறப்படுகின்றது. அடுத்து மரக்கொம்புகளைச் சுற்றும் காற்று. பின்னர்க் கிணற்றுத் தவளையின் ஒலி, வளையைச் சேற்றால் அடைக்கும் நண்டு, மழைநீருக்கு அலையும் வானம்பாடி. இறுதியிலே பள்ளரின் ஆடலும் பாடலும். சேய்மையிலுள்ள வானத்தில் தொடங்கிய குறி, படிப்படியாக அணுகி, மனிதர் உள்ளத்தில் வந்து முடிகின்றது. பண்ணையில் உழைக்கும் அம்மக்களுக்கு வெள்ளம் வந்தாலன்றி வேலையில்லை, வேலையின்றேல் உணவில்லை. அவர்தம் பசியே குறிகளைக் கூர்ந்து நோக்கச் செய்தது.

ஈழமின்னல் என்ற தொடரைக் கண்டு நாம் மகிழ்தல் இயல்பே. ஆயின், புலவர் அதனை நமக்குச் சிறப்புச் செய்யும் பொருட்டு அமைத்தாரல்லர். முக்கூடல் பொருநையாற்றங்கரையிலுள்ளது. அதற்கு மேற்கே மலைத்தொடருக்கு அப்பால் மலையாளம். கிழக்கே கடலுக்கு அப்பால் ஈழம். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என்னும் இரண்டாலும் பொருநை நீர்பெறுகின்றது. ஆதலின் இருதிசையையும் நோக்குதல் அந்நிலத்து உழவர்க்கு இன்றியமையாதது. பேராறு இல்லாத யாழ்ப்பாணத்து உழவரோ, வடகிழக்குப் பருவமழையையே நம்பி நெல் விதைப்பர். நிலம் வேறாகக் குறியும் வேறாம்.

பாட்டு நாளை வரும் வெள்ளத்தையே கூறுகின்றது என்பதும் கருதத்தக்கது. ஆண்டு முழுவதற்குமுரிய மழையை மரக்காற் கணக்கிற் கூறும் பஞ்சாங்கத்தின் துணிவு அதன்கண் இல்லை. தவளையும் எறும்பும் காற்றின் ஈரத்தை உணர்ந்து இயங்குவன. அவை காட்டுவது அண்மையிலுள்ள மழையையே. தன் அறிவின் எல்லையை அறிந்து நின்றமை அவ்வுழவர் அறிவின் சிறப்பாம்.

இக்காலத்தில் செயற்கைக்கோள்கள் புயலின் வரவைப் பலநாள் முன்னரே அறிவிக்கின்றன. எனவே பழங்குறிகளின் பயன் குறைந்ததென்பது உண்மையே. ஆயினும் அவற்றைத் தொகுக்க முற்படுவோர், எந்நிலத்தில், எப்பருவத்தில், எத்தொழிலாளர் வாயில் அவை வழங்கின என்பதையும் உடன்குறித்தல் வேண்டும். அன்றேல் எஞ்சுவது சொற்கூட்டமேயன்றி அறிவன்று.