வளைகோட்டின் நியாயம்

வருஷக் கடைசியில் மேலாளர்கள் ஓர் அறையில் கூடி, தங்கள் கீழ் உத்தியோகம் பார்ப்பவர்களை உத்தமர், மத்தியமர், அதமர் என்று பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் இத்தனை சதவீதம் பேர்தான் இருக்கலாம் என்று முன்னதாகவே விதிக்கப்பட்ட கணக்குக்குள் அவர்களை அடக்கிவிடும் வழக்கம், மனிதவள நிர்வாகத் துறையில் தோன்றிய ஏற்பாடுகளுக்குள்ளே மிகுந்த பிரசித்தியையும் மிகுந்த அபகீர்த்தியையும் ஒருங்கே அடைந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், மேலே 20 சதவீதம், நடுவே 70, கடைசியில் 10 என்று வகுத்து, அந்தக் கடைசிப் பத்துச் சதவீதத்தினரைக் காலத்தோடு வெளியே அனுப்புவதுதான் உண்மையான கருணை என்றும் வாதாடினார். அவருடைய ஸ்தாபனத்தின் பங்கு விலை ஏறிக்கொண்டிருந்த வரையில் மறுத்துப் பேசியவர்களின் குரல் எடுபடவில்லை. நம் நாட்டில் இம்முறை மென்பொருள் கம்பெனிகளில் வேரூன்றியது. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு 'பெல் கர்வ்', அதாவது மணி வடிவ வளைகோடு, என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை.

இதை வெறும் கொடுமை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆயினும் அது நியாயமான தீர்ப்பாகாது. மதிப்பிடும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ அவர் மனத்தில் தாட்சண்யமும் இருக்கிறது. நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டிய மனிதரைப் பற்றிக் கடுமையாக எழுத எவருக்கும் கை வருவதில்லை. ஆகையால் கட்டுப்பாடு ஏதுமில்லாத அலுவலகங்களில் ஏறக்குறைய எல்லோரும் மிக நன்று என்ற பட்டத்தைப் பெற்றுவிடுகிறார்கள், மெய்யாகவே உழைத்தவருக்கும் நாற்காலியைத் தேய்த்தவருக்கும் ஏட்டளவில் பேதமில்லாமல் போகிறது. நம் அரசாங்கம் தன் ஊழியர்களைப் பற்றி முன்பு எழுதிவந்த ரகசியக் குறிப்பேடுகளே இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. தேவ் தத் என்ற எல்லைச் சாலைப் பொறியாளரின் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நோக்கினால், பதவி உயர்வுக்கு 'மிக நன்று' என்ற மதிப்பு வேண்டியிருந்ததால் ஒரே ஒரு வருஷத்தில் எழுதப்பட்ட 'நன்று' என்ற குறிப்பே அவருடைய உயர்வைத் தடுத்துவிட்டது என்பதும், அந்தக் குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை என்பதும் விளங்கும். புகழ்ச்சி அவ்வளவு மலிந்த இடத்தில் சாதாரணப் பாராட்டும் தண்டனையாகிவிடுகிறது. இத்தகைய மந்தத்தைக் கலைக்க, எப்படியாவது தராதரம் பிரித்தே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திக்கும் ஒரு விதிக்கு மதிப்பு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆராய்ச்சியும் அந்த அளவுக்கு இதை ஆதரிக்கிறது. ஸ்கலென் என்பவரும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கணினிக்குள் கற்பனை நிறுவனங்களை அமைத்து, வருஷந்தோறும் கடைசி நிலையினரை நீக்கிப் புதியவர்களைச் சேர்த்தால் என்ன நேரும் என்று கணக்கிட்டார்கள். முதற் சில வருஷங்களில் கிடைத்த அபிவிருத்தி கணிசமானது. பிறகு அது விரைவாகக் குன்றி, ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலைக்கு வந்தது. வேலைக்கு லாயக்கற்றவர்கள் போன பிறகு நீக்கப்படுகிறவர் லாயக்குள்ளவராகவே இருப்பார் என்பதும், அவரை விடச் சிறந்தவரைத் தேடிப் பிடிப்பது அரிதாகும் என்பதும் இதன் காரணம். அன்றியும் கணினிக்குள் இருக்கும் சிப்பந்திக்குப் பயமில்லை, பொறாமையில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு உதவினால் தன் ஸ்தானம் இறங்கிவிடுமோ என்று அவர் யோசிப்பதுமில்லை.

இனி, இந்த வளைகோட்டுக்கு ஆதாரமான அனுமானத்தைப் பார்ப்போம். உயரம் போன்றவற்றைப் பெருந்திரளான ஜனங்களிடம் அளந்தால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் வடிவம் வருவது உண்மைதான். ஆனால் பல கட்டப் பரீட்சைகளில் வடிகட்டிப் பொறுக்கியெடுத்த பத்துப் பேர் அடங்கிய ஒரு குழு பெருந்திரளும் அல்ல, தற்செயலாய்ச் சேர்ந்த கூட்டமும் அல்ல. அவர்களிலும் ஒருவர் தாழ்ந்தவராக இருந்தே ஆக வேண்டும் என்பது கணித சாஸ்திரம் சொல்லாத ஒரு விஷயத்தை அதன் வாயில் திணிப்பதாகும். மனிதரின் சாதனை இந்த வடிவில் அமைவதே இல்லை, சிலர் மட்டும் மிக உயரத்தில் நிற்க மற்றவர்கள் ஒரு நீண்ட வாலாகத் தாழ்கிறார்கள் என்று ஒபாய்ல், அகினிஸ் என்ற இருவர் 2012-இல் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரின் விவரங்களைக் கொண்டு வாதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் ஆராய்ச்சியாளர்கள், கலைஞர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்கள். விருதும் ஓட்டும் குவிகிற இடத்தில் குவியும் இயல்புடையவை ஆதலால், கணக்கு எழுதும் குமாஸ்தாவின் உழைப்புக்கும் அந்த முடிவை அப்படியே நீட்டிவிட எனக்குத் துணிவில்லை.

இதைவிட ஆழமான குற்றம் அளவுகோலிலேயே இருக்கிறது. மேற்சொன்ன ஸ்கலெனும் வேறு இருவரும் 2000-இல், 4,492 மேலாளர்களைப் பற்றி அவர்களுடைய அதிகாரிகளும் சமநிலையினரும் கீழுள்ளவர்களும் இட்ட மதிப்பெண்களைப் பகுத்து நோக்கியபோது, அம்மதிப்பெண்களில் காணும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட மனப்போக்கிலிருந்தே பிறந்தது என்று கண்டார்கள். அதாவது, ஒருவரின் தரத்தைக் காட்டும் என்று நாம் நம்பும் எண், அந்த எண்ணை எழுதியவரின் சுபாவத்தையே பெரும்பாலும் காட்டுகிறது. உளவியலாளர் தார்ன்டைக், ராணுவ அதிகாரிகளைப் பற்றிய மதிப்பீடுகளில், ஒரு குணத்தைப் பற்றிய நல்லெண்ணம் மற்றக் குணங்களுக்கும் பரவி ஒளியூட்டிவிடுவதை 1920-லேயே எடுத்துக்காட்டியிருந்தார். எண்பது வருஷங்கள் கடந்தும் நோய் மாறவில்லை.

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளியியல் அறிஞர் இதைத் தம் வகுப்புகளில் ஒரு விளையாட்டாகவே நடத்திக் காட்டுவார். வெள்ளை மணிகளோடு ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகளும் கலந்த பெட்டியிலிருந்து, ஐம்பது குழிகள் கொண்ட மட்டையால் மணிகளை அள்ளும்படி சபையிலிருந்து சிலரை அழைப்பார். சிவப்பு மணி வந்தால் குற்றம். குறைவாகச் சிவப்பு எடுத்தவரைப் புகழ்வார். அதிகம் எடுத்தவரைக் கண்டிப்பார். மறுமுறை புகழப்பட்டவர் சறுக்கியதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கடிந்துகொள்வார். முடிவில் கடைசியில் நின்றவர்களை வேலையிலிருந்து நீக்குவார். அள்ளியவரின் திறமைக்கும் வந்த நிறத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நீக்கப்பட்டவர்கள் வாடிய முகத்தோடு இறங்குவார்கள். டெமிங் சற்று அதிகமாகவே சொல்கிறார் என்பது என் அபிப்பிராயம். எல்லா வேலையும் மணி அள்ளுவதல்ல. மோசமான சிப்பந்தி என்று ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். எனினும், வாய்த்த திட்டமும் வாடிக்கையாளரும் ஒருவருடைய வருஷத்தை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன என்பதை அறிந்தவர்கள் அந்த விளையாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள்.

இவையெல்லாம் பிற்காலத்து ஞானம் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. மேயர், கே, ஃபிரெஞ்ச் ஆகிய மூவர், கண்டனம் கேட்ட ஊழியர் தம்மைக் காத்துக்கொள்ளவே முனைகிறார் என்றும், அதிகமாய்க் கண்டிக்கப்பட்ட காரியங்களிலேயே அவர் முன்னேற்றம் குறைகிறது என்றும், சம்பளத்தைப் பற்றிய பேச்சையும் வளர்ச்சியைப் பற்றிய பேச்சையும் ஒரே அமர்வில் கலக்கலாகாது என்றும் 1965-இல் எழுதினார்கள். அந்த ஆராய்ச்சி நடந்த இடம் வேறெதுவுமில்லை, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமே. தன் வீட்டிலேயே கண்டறியப்பட்ட உண்மையை மறந்துவிட்டு, அதற்கு நேர்மாறான முறையை அதே ஸ்தாபனம் பின்னாளில் உலகுக்கே உபதேசித்தது.

ஏன் இப்படி நேர்ந்தது? நிர்வாகிகள் ஆய்விதழ்களைப் படிப்பதில்லை என்ற வழக்கமான விடை எனக்குத் திருப்தியளிக்கவில்லை. வளைகோடு பிழைத்திருப்பது அது நன்றாக அளக்கிறது என்பதால் அல்ல. சம்பள உயர்வுக்கென்று ஒதுக்கிய தொகையைச் செலவு மீறாமல் பங்கிட்டுவிடுகிறது என்பதால்தான். அந்தத் தொகை முதலில் முடிவாகிறது. அதற்கேற்ப உத்தமர்களின் எண்ணிக்கை முடிவாகிறது. உத்தமர் யார் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. நம் மென்பொருள் கம்பெனிகளில், டீம் லீட் கொடுத்த ரேட்டிங் மேலே நடக்கும், கணக்கைச் சரிசெய்யும் நார்மலைசேஷன் கூட்டத்தில் மாறிவிட்டது என்று கேள்விப்படாத ஊழியர் அபூர்வம். புதிதாய்ச் சேர்ந்தவரையோ, பிரசவ விடுப்பில் போனவரையோ, எப்படியும் ராஜினாமா செய்யப் போகிறவரையோ கடைசி இடத்தில் வைத்துக் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள் என்ற மனக்குறையும் பரவலாகக் காதில் விழுவதே. பங்கீடு குற்றமல்ல, பணம் அளவோடுதான் இருக்கும். பங்கீட்டை மதிப்பீடு என்று சொல்லி, பணம் போதாமையை மனிதரின் குறையாக அவர் முகத்துக்கு நேரே கூறுவதுதான் குற்றம்.

2010-க்குப் பிறகு காற்று திரும்பியது. அடோபி 2012-இல் வருடாந்தர மதிப்பீட்டையே கைவிட்டது; மைக்ரோசாஃப்ட் 2013-இல் வரிசைப்படுத்தும் முறையை நிறுத்தியது; தன் மதிப்பீட்டுச் சடங்குக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய இருபது லட்சம் மணி நேரம் செலவாவதாக டெலாய்ட் 2015-இல் வெளிப்படுத்தியது; ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பழைய வழியிலிருந்து விலகியது. இந்தியக் கம்பெனிகள் சிலவும் பின்தொடர்ந்தன. ஆனால் எண்ணை ஒழித்தவர்கள் பங்கீட்டை ஒழிக்கவில்லை, ஒழிக்கவும் முடியாது. உயர்வுத் தொகையில் யாருக்கு எவ்வளவு என்று மேலாளர் இப்போதும் மனத்துக்குள் வரிசைப்படுத்துகிறார், எதிர்த்துக் கேட்பதற்கு ஒரு ரேட்டிங் கூட ஊழியரிடம் இல்லை. இதைச் சீர்திருத்தம் என்று கொண்டாட நான் தயங்குகிறேன்.

தாட்சண்யத்தில் ஊறிப்போன ஸ்தாபனம் ஓரிரு வருஷம் இந்த வளைகோட்டைக் கையாண்டு நிறுத்திக்கொள்ளட்டும். அதற்கு ஆராய்ச்சியின் சம்மதம் உண்டு. அதன் பிறகு, இந்த வருஷம் பங்கிட இவ்வளவுதான் இருக்கிறது, இன்ன காரணத்தால் உமக்கு இவ்வளவு என்ற வாக்கியத்தை எழுத்தில் கொடுத்து, அதை எதிர்த்து முறையிட ஓர் இடமும் வைத்துவிட்டு, வேலையைப் பற்றிய பேச்சை வேறொரு மாதத்துக்கு ஒத்திவைத்தால் போதும். தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்திடம் கேட்டதும் ஏறக்குறைய இதுவே: எழுதிய குறிப்பைத் தெரிவி, அவர் பதில் சொல்லட்டும். தனியார் கம்பெனிகளை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.