பழுப்பேறும் அட்டை

ட்ரெல்லோ என்ற திட்ட மேலாண்மை மென்பொருளின் பலகையில் ஓர் அட்டையைப் பிடித்து இழுத்தால் அது சற்றே சாயும். மேசைமேல் கிடக்கும் காகிதத்தை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது சாயுமே, அந்த மாதிரி. 'செய்ய வேண்டியவை' வரிசையிலிருந்து 'நடப்பவை' வரிசைக்குக் கொண்டுபோய் விட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சாய்வால் எந்த வேலையும் சீக்கிரம் முடியப்போவதில்லை. இருந்தாலும் ஒரு வேலையைக் கையால் எடுத்து அடுத்த இடத்தில் வைத்தோம் என்ற நிறைவு கிடைப்பது இதனால்தான். 2011இல் ஃபாக் க்ரீக் நிறுவனம் வெளியிட்ட ட்ரெல்லோவை 2017இல் அட்லாசியன் 42.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த விலைக்குள் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு அக்கறைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

குழுவுக்கு ஒரு திட்ட மேலாண்மை மென்பொருள் வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால், முதலில் ஓர் எக்செல் தாள் திறக்கப்படும். ஒரு பக்கம் மென்பொருட்களின் பெயர், எதிரே வசதிகள், கடைசியில் ஆளுக்கு மாதம் எவ்வளவு என்ற கணக்கு. எல்லாக் கட்டத்திலும் 'உண்டு' என்றுதான் விழும். கெடு தேதி, நாட்காட்டி, கோப்பு இணைப்பு எல்லாமே இன்று எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஆகவே நான் பார்ப்பது வேறொன்றை: நின்றுபோன வேலையை இந்த மென்பொருள் எப்படி நடத்துகிறது? நடக்கிற வேலைக்கு மென்பொருளே வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலேயே நடந்துவிடும். நின்றுபோன வேலைதான் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

ட்ரெல்லோவில் இதற்கென ஓர் அருமையான வசதி இருக்கிறது. வேண்டுமென்றால் இயக்கிக்கொள்ளலாம். யாரும் தொடாத அட்டை வாரங்கள் போகப் போக மங்கிக்கொண்டே வரும். அதிலேயே 'கடற்கொள்ளையர்' என்றொரு தோற்றமும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் அட்டை பழைய புதையல் வரைபடம்போலப் பழுப்பேறி, விளிம்பு கிழிந்து, கீறல் விழுந்து நிற்கும். ஒரு சிறு பதிப்பகத்தில் தீபாவளி மலர் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்ப்பு, விளம்பரம், அச்சகம் என்று எல்லா அட்டையும் பளிச்சென்று இருக்க, நடுவில் 'அட்டைப்பட ஓவியரிடம் கேட்க வேண்டும்' மட்டும் பழுப்பாக நிற்கிறது. கெடு தாண்டிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் கத்தவில்லை. மேலாளருக்கு மின்னஞ்சலும் போகவில்லை. கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். யாராவது 'பேசிவிட்டேன், வெள்ளிக்கிழமை தருகிறார்' என்று ஒரு வரி எழுதினால் போதும், அட்டை புதுசாகிவிடும். எவர் மனமும் நோகாமல் நினைவூட்டுவது மனிதர்களுக்கே எளிதில் கைவராத கலை.

ஜிரா என்ற மென்பொருளின் குணம் வேறு. ஒரு வரிசையில் ஒரே நேரத்தில் இத்தனை வேலைகள்தான் இருக்கலாம் என்று அதில் உச்சவரம்பு வைக்கலாம். வரம்பு மூன்று என்று வைத்துவிட்டு நான்காவதைக் கொண்டுபோனால் அந்த வரிசை சிவந்துவிடும். இதன் வேர் ஜப்பானில், டொயோட்டா ஆலையில் இருக்கிறது. அங்கே தாயிச்சி ஓனோ வகுத்த 'கான்பான்' முறையில், அட்டை இல்லாமல் உதிரிபாகம் நகராது. சுற்றில் எத்தனை அட்டை என்பதே தேங்கும் சரக்குக்கு எல்லை. ஜிராவில் நான் ரசிப்பது, சிவப்பு விழும் இடத்தை. அது எந்த மனிதரின் பெயர்மேலும் விழுவதில்லை, வரிசையின்மேல் விழுகிறது. 'நீ தாமதம்' என்ற குற்றச்சாட்டு 'இங்கே நெரிசல்' என்ற தகவலாகிவிடுகிறது. மற்றபடி ஐந்தாறு பேர் உள்ள குழுவுக்கு ஜிரா அதிகப்படி. அமைப்புகளைச் சரிசெய்யவே தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

ஆசனா என்ற மென்பொருளில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு வேலைக்கு ஒரே பொறுப்பாளர். கூட நின்று பார்க்க எத்தனை பேரையும் சேர்க்கலாம், பொறுப்பு என்ற இடத்தில் இரண்டாவது பெயர் ஏறாது. 'நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன் சார்' என்ற வாக்கியம் எத்தனை அலுவலகங்களில் எத்தனை வேலைகளைக் கெடுத்திருக்கிறது! அந்த வாக்கியத்துக்கு இங்கே இடமே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்ந்தது பேஸ்கேம்ப் 2018இல் கொண்டுவந்த குன்றுப்படம். ஒரு குன்றின் கோடு, அதன்மேல் சில வண்ணப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் வேலையின் ஒரு பகுதி. ஏற்றத்தில் இருந்தால் எப்படிச் செய்வது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். உச்சியைத் தாண்டினால் வழி தெரிந்துவிட்டது, இனி செய்து முடிப்பதுதான் பாக்கி. 'எண்பது சதவீதம் முடிந்தது' என்று சொல்ல இந்தப் படத்தில் இடமில்லை. அந்த எண்பது சதவீதத்தை நம்பி ஏமாறாத குழு உண்டா? மிச்சமிருக்கும் இருபதில்தான் தெரியாதவை அனைத்தும் பதுங்கியிருக்கும்.

இந்தப் புள்ளிகளைக் கணினி நகர்த்துவதில்லை. முடிந்த பணிகளை எண்ணிக் கணக்குப் போட்டு நகர்த்துவது நிரலாளருக்குப் பெரிய காரியமே அல்ல. வேண்டுமென்றே மனிதர் கைக்கு விட்டிருக்கிறார்கள். வேலை செய்பவரே நிதானித்து, 'நான் ஏறிக்கொண்டிருக்கிறேனா, இறங்கிக்கொண்டிருக்கிறேனா' என்று தன்னையே கேட்டுப் புள்ளியை இழுத்து வைக்க வேண்டும். வைத்த இடங்கள் எல்லாம் தேதியோடு பதிவாகின்றன. பழைய படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தால், மற்ற புள்ளிகள் குன்றைக் கடந்து போய்க்கொண்டிருக்க, ஒன்று மட்டும் ஏற்றத்தின் பாதியிலேயே அசையாமல் இருப்பது தெரியும். 'எனக்கு இது புரியவில்லை, உதவி வேண்டும்' என்று கூட்டத்தில் வாய் திறந்து சொல்லக் கூச்சப்படும் இளைஞருக்காக அந்தப் புள்ளி பேசிவிடுகிறது. அதைப் பார்த்து மூத்தவர் ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

வேலை பழகியது, வழி தெரிந்தது, ஆட்கள் சிலர்தான் என்றால் ட்ரெல்லோ போதும். செய்துபார்த்தால்தான் வழியே தெரியும் என்கிற வேலையானால் குன்றுப்படம் உள்ள பேஸ்கேம்ப்பைத்தான் சொல்வேன். எதை எடுப்பதானாலும், பணம் கட்டுமுன் கிடைக்கும் இலவச நாட்களில் புத்தம் புது வேலைகளை மட்டும் ஏற்றி அழகு பார்க்காதீர்கள். உங்கள் குழுவில் வெகுநாளாக நின்றுகிடக்கும் வேலை ஒன்றை அதில் போட்டு, யாரும் தொடாமல் பத்து நாள் விட்டுவைத்து, பதினோராம் நாள் திறந்து பாருங்கள். அது உடனே கண்ணில் படுகிறதென்றால் அந்த மென்பொருளையே வாங்குங்கள்.