கலசத்தில் இருந்தது என்ன?

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘உமர்கய்யாம் பாடல்கள்’ நூலிலிருந்து ஒரே ஒரு பாட்டு தப்பித்து வெளியே வந்துவிட்டது. நூலைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கும் அது தெரியும். நாஞ்சில் நாட்டில் கொஞ்சம் தமிழ் படித்தவர்கள் பலரும் நிழல், காற்று, கம்பன், கலசம், பாட்டு, நீ என்று அதிலுள்ள சாமான்களை வரிசை தப்பாமல் அடுக்கிவிடுவார்கள். இந்தச் சாமான்களில் ஒன்றைப் பற்றித்தான் எனக்கு விசாரணை. கலசத்தில் இருந்தது என்ன? கவிமணி அமுது என்கிறார். கய்யாம் அப்படிச் சொல்லவில்லை, கவிமணிக்கு வழியாக அமைந்த ஃபிட்ஸ்ஜெரால்டும் சொல்லவில்லை. அவர்கள் இருவருக்கும் அது மது. திராட்சையிலிருந்து மனிதன் கைப்படச் செய்தது.

மொழிபெயர்ப்பில் ஒரு சொல் மாறியதைப் பெரிதாக்குகிறேன் என்று வாசகர் நினைக்கலாம். அந்தச் சொல்லோடு சேர்ந்து நம்மைவிட்டுப் போனது ஒரு வகை ரசனை என்பது என் கட்சி.

ஒரு பாட்டு ஊர்விட்டு ஊர் போகும்போது வழியில் எதையெல்லாம் பறிகொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலச் செய்யுள்களுக்குப் பாரசீக மூலங்கள் எவை என்று எட்வர்ட் ஹெரான்-ஆலன் தேடி, 1899இல் நூலாகவே வெளியிட்டார். இந்தச் செய்யுளுக்கு மூலமாக அமைந்த ருபாயிகளில் ஒன்றில் கோதுமை ரொட்டி இருக்கிறது, மது இருக்கிறது, கூடவே ஆட்டுத்தொடை ஒன்றும் இருக்கிறது. பாழ்நிலத்தில் நீயும் நானுமாக உட்கார்ந்து இவற்றைச் சாப்பிட்டால் அந்தச் சுகம் சுல்தான்களுக்கும் கிடைக்காது என்பது அதன் சாரம். 1859இல் ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் பதிப்பு வந்தபோது ஆட்டுத்தொடையைக் காணோம். அவர் இளம் வயதிலேயே மாமிசத்தைக் குறைத்துக்கொண்டு, சஃபோக் கிராமப்புறத்தில் ரொட்டியும் பழமுமாக வாழ்ந்தவர். ஆகவே ரொட்டியை மட்டும் அவர் விடவில்லை. முதல் பதிப்பில் ரொட்டிதான் முதலில் வருகிறது. பிந்தைய பதிப்புகளில் கவிதைப் புத்தகம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ள, ரொட்டி மதுவுக்கும் பின்னால் தள்ளப்பட்டது. 1945இல் கவிமணியின் தமிழ் நூல் வந்தபோது ரொட்டியும் போயிற்று, மதுவும் போயிற்று. புத்தகம் மட்டும் கம்பனாக வளர்ந்து நிற்கிறது. நிஷாப்பூரிலிருந்து விருந்தாகப் புறப்பட்டது புத்தேரிக்கு வந்துசேரும்போது பாராயணமாகிவிட்டது.

இதைக் கவிமணியின் இயலாமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தை எழுதியவர் அவர். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாயில் வைத்து, வேளாளர் வீட்டின் அடுக்களைச் சண்டையையும் வயிற்றெரிச்சலையும் புழக்கப் பேச்சிலேயே செய்யுளாக்கியவர். வீட்டுச் சொல் கவிதைக்கு ஆகாது என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் இந்த இடத்தில் மட்டும் ஏன் அடுக்களையைவிட்டு பூஜை அறைக்குள் போனார்? கலசம் என்ற சொல்லைப் பார்த்தாலே தெரிகிறது. கலசத்தில் கள் வைப்பார்களா? பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தபோதே உள்ளே ஊற்ற வேண்டியதும் முடிவாகிவிட்டது.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. தேரூரில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் சைவத் தமிழ் பயின்றவர். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் ஊறிய மரபு. 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து, அதைப் பற்றிய பேச்சு தமிழ்நாடெங்கும் பரவியிருந்த காலம்; நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தாலும் தமிழ் வாசகன் வேலிக்கு அந்தப்புறமும் இருந்தான். காரணங்கள் எனக்கு முக்கியமில்லை. விளைவு என்ன என்பதே கேள்வி.

நியாயமாக, கிடைத்ததையும் சொல்ல வேண்டும். வெயிலுக்கு ஒரு நிழலையும் ஒரு தென்றலையும் கவிமணி சேர்த்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை அறிந்தவர்களுக்கு அது வெறும் அலங்காரமில்லை. கூட இருப்பவரை நன்றாகப் பாட்டு அறிந்தவராக ஆக்கினார். தமிழின் ‘நீ’ ஆணா பெண்ணா என்று சொல்லாது. காதலியாகவும் இருக்கலாம், சிநேகிதனாகவும் இருக்கலாம். துணை இல்லாமல் சொர்க்கம் இல்லை என்ற இடத்தை அவர் கைவிடவில்லை. பாட்டு இன்றைக்கும் உயிரோடிருப்பது அதனால்தான். நூலில் வேறு பாடல்கள் எத்தனையோ இருக்க, ஊரார் இதைப் பொறுக்கி எடுத்து மனத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்வும் ஒரு விமர்சனம்தான். நம் சமூகம் அமுதைத் தேர்ந்தெடுத்தது.

இழந்தது என்ன? அமுதில் வகை கிடையாது. நல்ல அமுது, சுமாரான அமுது, போன வருஷத்து அமுது என்று யாரும் சொல்வதில்லை. அது புளித்துப்போவதில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கும் அர்த்தமில்லை. மது அப்படியல்ல. அதற்கு மண் உண்டு, வருஷம் உண்டு, செய்தவனின் கைப்பக்குவம் உண்டு, கெட்டுப்போகும் அபாயம் உண்டு. ஆகவே அதைக் குடிப்பவனுக்கு அபிப்பிராயம் உண்டு. சங்கத் தமிழ் இதை அறிந்திருந்தது. கள், தேறல், நறவு, தோப்பி, மட்டு, பிழி, அரியல் என்று அதில் வழங்கும் சொற்களைக் கவனியுங்கள். தேறல் என்றால் தெளிந்தது, தோப்பி நெல்லிலிருந்து வருவது. இத்தனை சொல் வைத்திருந்தவன் குடித்து விழுந்தவன் மட்டுமல்ல, பேதம் பார்த்தவனும்தான்.

புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைச் சொல்கிறார். அது வந்த கலத்தைப் பாராட்டுகிறார், வாசனையைச் சொல்கிறார். 235ஆம் பாட்டில் ஔவை அதியமானுக்காக அழும்போது முதலில் நினைத்துக்கொள்வது கள்ளைத்தான். கொஞ்சமாகக் கிடைத்த நாளில் அவன் எப்படிப் பங்கிட்டான், நிறையக் கிடைத்த நாளில் எப்படிப் பங்கிட்டான் என்று கணக்குச் சொல்லி அழுகிறாள். நட்பின் இலக்கணம் அங்கே அளவிலும் பகிர்விலும் இருக்கிறது. அமுதுக்கு அளவு வேண்டாம், பகிரவும் வேண்டாம். ஔவையின் துக்கத்தை அமுதை வைத்து எழுத முடியாது.

ஒரு விசித்திரம். கவிமணியின் நூல் வந்த அதே 1945இல்தான் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டினார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் அங்கே மண்ணுக்குள் கிடைத்தன. நக்கீரர் சொன்னதற்கு ஸ்தூலமான சாட்சி பூமியிலிருந்து மேலே வந்த வருஷத்தில், தமிழ்க் கவிதையில் மது கலசத்துக்குள் ஆவியாகிவிட்டது.

நமக்கு மதுவைப் பேசச் சொல் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இதை மறுக்க ஒரு சின்ன அனுபவம் போதும். ஒரு சமயம் நண்பர்கள் நான்கு பேர் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போயிருந்தோம். இரவு ஓர் உணவு விடுதியில் நாசிக் பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒரு புட்டி வரவழைத்தோம். பட்டியலில் அதைப் பற்றி அச்சிட்டிருந்த ஆங்கிலத்தை ஒருவர் வாசித்தார்; எங்களில் எவருக்கும் அதில் சொன்ன வாசனைகள் எட்டவில்லை. தோவாளைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு, “விளையாத மட்டிக்காயைக் கடிச்ச மாதிரி நாக்கைப் பிடிக்குவே” என்றார். மீன் குழம்போடு அது ஒட்டவில்லை. வறுத்த ஆட்டுக்கறி வந்ததும் அவரே, “இப்பம் சேருது” என்றார்.

அவர் சொன்னது துவர்ப்பு. ஆறு சுவைகளில் ஒன்றாக நம் முன்னோர் எண்ணிவைத்தது. வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் நாஞ்சில் நாட்டு அடுக்களை தினசரி அறிவது. ஒயினைப் பற்றி உலகத்தில் பேசுகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடமும் அதுவே. துவர்ப்பு உமிழ்நீரின் வழவழப்பைக் கவ்வுகிறது. இறைச்சியும் கொழுப்பும் அதைத் தணிக்கின்றன. பாரசீகப் பாட்டில் ஆட்டுத்தொடை எதற்கு இருந்தது என்பது அந்த மேஜையில் எங்களுக்கு விளங்கிற்று. ரொட்டி, மது, இறைச்சி என்ற வரிசை வெறும் பட்டியல் அல்ல, ஒன்று மற்றொன்றைத் தாங்கும் உறவு. ஒன்றை உருவினால் மற்றவை தளர்ந்துபோகின்றன. ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒன்றை உருவினார். கவிமணி மீதியையும் உருவிவிட்டு, நிழலையும் தென்றலையும் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழ வேண்டும். உண்ணாமலைக்கடை நம் ஜில்லாவில்தான் இருக்கிறது. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று அங்கே செல்போன் கோபுரத்தின் மேல் ஏறி நின்று உயிரைவிட்டார். குடியால் கெட்ட வீடுகள் கடற்கரையிலும் மலையடியிலும் எத்தனையோ. இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு கவிதையில் மதுவைக் காணோம் என்று குறைப்படுவது கொழுத்தவன் பேச்சில்லையா?

கேள்வியின் கனத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் கவிதையில் அமுது ஊற்றியதால் எந்த வீடும் தப்பவில்லை. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பனை நிறைந்த விளவங்கோட்டில் கள் இறக்கினால் குற்றம். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மரச்சீனிக் கிழங்கோடும் மீன்கறியோடும் உட்கார்ந்து குடிக்கலாம். இந்தப் பக்கம் 2003 முதல் சில்லறை வியாபாரத்தை அரசாங்கமே நடத்துகிறது. ஊர் அதை ‘ஒயின் ஷாப்’ என்கிறது. அங்கே போய் ஒயின் கேட்பவர் அபூர்வம். நின்றபடி, முகம் சுளித்து, மருந்து விழுங்குவதுபோல் விழுங்கிவிட்டுப் போகும் அந்தக் குடியில் ருசி இல்லை, சிநேகிதமும் இல்லை. மேலே அமுது, கீழே குவார்ட்டர். இரண்டுக்கும் நடுவில் மனிதன் உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசி, போதும் என்று எழுந்திருக்கும் ஒரு மேஜை இருந்தது. அது நம் எழுத்திலிருந்தும் போயிற்று, வாழ்க்கையிலிருந்தும் போயிற்று. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே மனோபாவத்தின் இரு முகங்கள்.

இந்த மனோபாவம் விமர்சனத்தைத்தான் அதிகம் பாதித்தது. தமிழில் ஒரு கவிதையைப் புகழ வேண்டுமா? தேன், அமுது, தெவிட்டாதது. எல்லாம் அமுது என்றால் ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரிப்பது? ஒருவன் “இது கொஞ்சம் துவர்க்கிறது” என்று சொன்னால் படைப்பாளியை அவமதித்துவிட்டதாகக் கொதிக்கிறார்கள். கவிமணியைக் கொண்டாடிய டி.கே.சி. திருநெல்வேலியில் வட்டத்தொட்டி நடத்தினார். அங்கே நண்பர் கூடிக் கவிதையை ருசி பார்த்தார்கள் என்பது பெரிய காரியம். ஆனால் அந்த ரசனை பெரும்பாலும் பரவசத்தில் முடிந்தது. பரவசத்துக்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். பின்னாளில் நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய இலக்கியக் கூட்டத்துக்குக் ‘காகங்கள்’ என்று பெயர். காகம் கூவி அழைத்துச் சாப்பிடும். சாப்பிடும்போது சண்டையும் போடும். விமர்சனத்துக்கு இரண்டும் வேண்டும்.

நம் ஜில்லாவில் தேவாலயத்துக்குப் போகிற குழந்தைகள்கூட அறிந்த கதை ஒன்று உண்டு. கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோகிறது, தண்ணீர் ரசமாகிறது. அற்புதத்தைப் பிரசங்கிகள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பந்திவிசாரிப்புக்காரன்தான் முக்கியம். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. யார் செய்தது என்று தெரியாது. ருசி பார்க்கிறான்; முன்பு பரிமாறியதோடு ஒப்பிடுகிறான்; இதுதான் நல்லது, இதை ஏன் கடைசிவரை ஒளித்து வைத்தாய் என்று மணவாளனைக் கேட்கிறான். அற்புதமாகவே இருந்தாலும் அவன் அதை அமுது என்று சொல்லிக் கும்பிடவில்லை. முந்தியதையும் பிந்தியதையும் நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொன்னான்.

தமிழில் நல்ல கவிதைகள் தொடர்ந்து எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பந்தி நடக்கிறது. பந்தி விசாரிக்கத்தான் ஆள் போதவில்லை.